அளந்து பார்த்த மாணவர்



 



நோன்புப் பெருநாள் இரவில் நம் வீடுகளில் அரிசி அளக்கப்படுவதைச் சிறு வயது முதல் கண்டு வருகின்றோம். வீட்டிலுள்ளோரைத் தலை எண்ணி, ஆளுக்கு ஒரு ஸாஉ வீதம் அளந்து, பெருநாள் தொழுகைக்கு முன்னர் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி வைக்கின்றோம். பிறந்து சில நாட்களேயான குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. முன்னைய நாட்களில் சுண்டினால் அளந்தார்கள். இன்று தராசில் வைத்துக் கிலோக் கணக்கில் நிறுக்கின்றார்கள். இந்த ஸாஉ என்னும் அளவு நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது, அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததா என்றெல்லாம் அளப்பவர் யோசிப்பதில்லை. பெருநாள் இரவின் அவசரத்தில் அதற்கு நேரமும் இல்லை. எனினும், ஆசிரியரையும் அவரை நேசிக்கும் மாணவரையும் பற்றிப் பேச வந்திருக்கும் இன்றைய உரையை அந்த அரிசி அளவிலிருந்தே தொடங்க விரும்புகின்றேன்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், ஈராக்கின் கூபா நகரத்து அறிஞர்கள் ஒரு ஸாஉ என்பது எட்டு ராத்தல் என்று கருதினர். இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவும் அதுவே. (கடையில் ஓர் இறாத்தல் பாண் என்று கேட்கின்றோமே, அந்தச் சொல்லுக்கும் மூலம் இதே அரபுச் சொல்தான், எடை மட்டும் வேறு.) இமாமவர்களின் தலைமை மாணவர் அபூ யூஸுப் (ரஹ்) அவர்களும் தம் உஸ்தாதின் கருத்திலேயே இருந்தார். பின்னர் ஒரு முறை ஹஜ்ஜுக்குச் சென்றவர் மதீனாவுக்கும் போனார். அங்குள்ளோரிடம் ஸாஉ பற்றி விசாரித்தார். எங்களிடமுள்ள ஸாஉதான் நபி (ஸல்) அவர்களின் ஸாஉ என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் என்னவென்று இவர் கேட்டார். நாளை கொண்டு வருகின்றோம் என்றார்கள்.

மறுநாள் காலையில் முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் பிள்ளைகளான முதியவர்கள் ஏறத்தாழ 50 பேர் வந்து சேர்ந்தனர். ஒவ்வொருவரின் மேலாடைக்குள்ளும் ஓர் அளவுப் பாத்திரம். ஒருவர் இது என் தந்தையிடமிருந்து வந்தது என்றார். இன்னொருவர் இது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக இருப்பது என்றார். நபியவர்கள் காலத்து ஸாஉ இதுவே என்று தம் முன்னோர் சொல்லிச் சென்றதை ஒவ்வொருவரும் அறிவித்தனர். அபூ யூஸுப் (ரஹ்) அவர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அனைத்தும் ஒரே அளவாக இருந்தன. பின்னர் தாமே அளந்தார். ஐந்து ராத்தலும் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. அதிலும் சொற்பம் குறைவு. அந்த இடத்திலேயே, இந்த விடயத்தில் தம் உஸ்தாதின் சொல்லை விட்டுவிட்டு மதீனாவாசிகளின் அளவை ஏற்றுக்கொண்டார்.

இந்தச் செய்தியை நமக்கு அறிவிப்பவரும் அபூ யூஸுப் அவர்களேதாம். ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பின் அவர் இதை மறைக்கவில்லை. மக்கள் முன்னால் சொன்னார். நான் கண்டதை என் தோழர் கண்டிருந்தால் அவரும் நான் திரும்பியது போலவே திரும்பியிருப்பார் என்று அவர் கூறியதாகவும் அறிஞர்கள் எடுத்தெழுதியுள்ளனர். தோழர் என்று அவர் குறிப்பிட்டது தம் உஸ்தாத் அபூ ஹனீபா அவர்களையே.

நேயர்களே! இந்த ஒரு கூற்றில் எவ்வளவு அன்பு இருக்கின்றது என்று பாருங்கள். உஸ்தாத் தவறிவிட்டார் என்று அவர் பெருமிதமாகச் சொல்லவில்லை. உஸ்தாத் சொல்லிவிட்டார், ஆகவே இந்த 50 பாத்திரங்களும் பொய் என்றும் சொல்லவில்லை. என் உஸ்தாத் எத்தகைய மனிதர் என்பது எனக்குத் தெரியும், உண்மை கண்முன் வந்தால் அவர் அதன் பக்கமே நிற்பார் என்று அவர் சாட்சி சொல்லுகின்றார். ஒரு மாணவன் தன் ஆசிரியருக்குச் செலுத்தக்கூடிய மரியாதை இதைவிடப் பெரியதாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அபூ யூஸுப் அவர்களுக்குத் தம் உஸ்தாத் மீது அவ்வளவு அன்பு வந்தது எப்படி? அதற்குக் கூபா பள்ளிவாசலுக்குப் போக வேண்டும்.

யஃகூப் என்பது அவரின் இயற்பெயர். ஹிஜ்ரி 113 இல் பிறந்தவர். வறுமைப்பட்ட குடும்பம். இமாம் அபூ ஹனீபா அவர்களோ பட்டு வணிகத்தில் செல்வம் ஈட்டியவர். ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருந்த போது யஃகூபின் தந்தை வந்து மகனை அழைத்துக்கொண்டு போனார். மகனே, அபூ ஹனீபாவோடு சரிசமமாகக் காலை நீட்டி அமராதே, அவருக்கு உணவு தயாராகக் கிடைக்கின்றது, உனக்கோ பிழைப்புத் தேட வேண்டியிருக்கின்றது என்னும் கருத்தில் அறிவுரை சொன்னார். அந்தத் தந்தையை நாம் குறை கூற முடியாது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய மகனை மத்ரஸாவுக்கு அனுப்புவதா, தொழிலுக்கு அனுப்புவதா என்று யோசிக்கும் இன்றைய வாப்பாமாரின் கவலையும் அதுவேயல்லவா? யஃகூப் தந்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பாடத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு தொழிலைத் தேடிப் போனார்.

பெரிய கூட்டம் அமர்ந்திருந்த அந்தச் சபையில் ஒரு பையன் குறைந்திருப்பதை இமாமவர்கள் கவனித்தார்கள், விசாரித்தார்கள். சில நாட்களின் பின் யஃகூப் மீண்டும் வந்த போது, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பிழைப்பும் தந்தையின் சொல்லும் தடுத்தன என்றார் யஃகூப். இமாமவர்கள் அவரை அமரச் சொன்னார்கள். எல்லோரும் எழுந்து போன பிறகு ஒரு பணப்பையை அவரின் கையில் கொடுத்து, இதை வைத்துச் சமாளித்துக்கொள், பாடத்தை விடாதே, இது முடிந்தால் சொல் என்றார்கள். பையில் 100 திர்ஹம்கள் இருந்தன. சிறிது காலத்தில், அவர் கேட்கும் முன்பே இன்னுமொரு 100 வந்தது. பின்னரும் வந்துகொண்டேயிருந்தது. கையில் பணம் முடிந்துவிட்டது என்று தாம் ஒருபோதும் சொல்ல நேரவில்லை, யாரோ அறிவித்தது போல அது வந்துவிடும் என்று அபூ யூஸுப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

எல்லோரும் எழுந்து போன பிறகு என்பதைக் கவனியுங்கள். உதவியைச் சபையில் வைத்துக் கொடுத்திருந்தால் மாணவனுக்கு வயிறு நிறைந்திருக்கும், முகம் வாடியிருக்கும்.

ஆனால் இதே ஆசிரியர், அன்பு காட்டியது போலவே கண்டிக்கவும் தெரிந்தவர். ஒரு முறை அபூ யூஸுப் கடுமையாக நோயுற்றார். இமாமவர்கள் பார்க்கப் போனார்கள். எனக்குப் பின் இந்த மக்களுக்கு நீர் இருப்பீர் என்று எதிர்பார்த்திருந்தேன் என்று மனம் வருந்திச் சொன்னார்கள். அல்லாஹ் சுகமளித்தான். உஸ்தாத் சொன்ன அந்தப் புகழ்ச்சொல் அபூ யூஸுப் அவர்களின் மனத்தில் வேறு விதமாக வேலை செய்தது. தனியாக ஒரு சபையை அமைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். உஸ்தாதின் சபைக்கு வருவது நின்றுபோனது.

இமாமவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அவரைப் பற்றி ஊரில் பேசவுமில்லை. ஒரு மனிதரை அழைத்து ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்து அபூ யூஸுபிடம் அனுப்பினார்கள். கேள்வி இதுதான்: ஒருவர் சலவைத் தொழிலாளியிடம் ஒரு துணியைக் கொடுத்தார். திரும்பக் கேட்கப் போன போது, நீ என்னிடம் எதுவும் தரவில்லையே என்று தொழிலாளி மறுத்துவிட்டார். இரண்டாம் முறை போன போது, துணியை வெளுத்து எடுத்துக் கொடுத்தார். இப்போது அவருக்குக் கூலி உண்டா, இல்லையா? கூலி உண்டு என்று அவர் சொன்னால் தவறு என்று சொல், இல்லை என்று சொன்னாலும் தவறு என்று சொல் என்பது அந்த மனிதருக்கு இமாமவர்கள் இட்ட கட்டளை.

அபூ யூஸுப் முதலில் கூலி உண்டு என்றார். தவறு என்றார் வந்தவர். சற்று யோசித்துவிட்டுக் கூலி இல்லை என்றார். அதுவும் தவறு என்றார் வந்தவர். அபூ யூஸுப் அப்போதே எழுந்து உஸ்தாதிடம் போனார். சலவைத் தொழிலாளியின் கேள்விதானே உம்மை இங்கு கொண்டு வந்திருக்கின்றது என்று இமாமவர்கள் கேட்டார்கள். பின்னர் விளக்கிச் சொன்னார்கள். துணியை மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால், உரிமையாளருக்காக வெளுத்தார். ஆகவே கூலி உண்டு. மறுத்துவிட்ட பிறகு வெளுத்திருந்தால், அதை அபகரித்துத் தமக்கென்று வைத்துக்கொண்ட நிலையில் வெளுத்தார். ஆகவே கூலி இல்லை. அதன் பின்னர், இனிக் கற்கத் தேவையில்லை என்று எண்ணுபவன் தன்னை நினைத்து அழட்டும் என்னும் பொருளில் ஒரு சொல்லும் சொன்னார்கள். அபூ யூஸுப் அவர்கள் தம் இடத்தில் வந்து அமர்ந்தார்.

இப்படித் திருத்த இமாமவர்களுக்கு எங்கிருந்து தெரிந்தது? அதே படுகுழியின் விளிம்பு வரைக்கும் அவர்களும் ஒரு நாள் போய் வந்தவர்கள்தாம். அவர்களின் உஸ்தாத் ஹம்மாத் பின் அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்கள். பத்து ஆண்டுகள் பாடம் கேட்ட பின், தனிச் சபை அமைக்கும் ஆசை அபூ ஹனீபா அவர்களுக்கும் வந்தது. ஒரு மாலை அந்த எண்ணத்தோடே பள்ளிவாசலுக்கு வந்தார்கள். உஸ்தாதின் முகத்தைக் கண்டதும் பிரிந்துபோக மனம் வரவில்லை. அன்றிரவே, பஸ்ராவில் ஹம்மாத் அவர்களின் உறவினர் ஒருவர் இறந்த செய்தி வந்தது. வாரிசுரிமை தொடர்பாக அவர்கள் பயணம் போக வேண்டியதாயிற்று. தம் இடத்தில் அபூ ஹனீபாவை அமர்த்திவிட்டுச் சென்றார்கள்.

உஸ்தாத் திரும்பி வர இரண்டு மாதங்களாயின. இதற்கிடையில் உஸ்தாதிடம் கேட்டறியாத கேள்விகள் பல வந்தன. அபூ ஹனீபா அவர்கள் பதில் சொன்னார்கள். சொன்ன பதில்களை எழுதியும் வைத்தார்கள். ஹம்மாத் அவர்கள் வந்ததும் அந்த ஏட்டை எடுத்து முன்னால் வைத்தார்கள். ஏறத்தாழ 60 கேள்விகள். நாற்பதில் உஸ்தாத் உடன்பட்டார்கள், இருபதில் மாறுபட்டார்கள். அன்றைக்குச் சத்தியம் செய்துகொண்டார்கள் அபூ ஹனீபா அவர்கள், ஹம்மாத் மரணிக்கும் வரை அவரைப் பிரிவதில்லையென்று. ஹிஜ்ரி 120 இல் உஸ்தாத் வபாத்தாகும் வரை, மொத்தம் 18 ஆண்டுகள் அந்தத் தொடர்பு நீடித்தது. தம் மகனுக்கு ஹம்மாத் என்றே பெயர் வைத்தார்கள்.

எழுதி வைத்ததைக் காட்டாமல் விட்டிருக்கலாம், கேட்பார் யாருமில்லை. 60இல் 20 என்பது சிறிய தொகையுமல்ல. பதிலைச் சொன்ன மனிதர்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஆயினும் காட்டினார்கள்.

அதனாலேயே, தாம் உஸ்தாதான பின்னர், தம் வாயிலிருந்து வருவதையெல்லாம் உடனே எழுதிக்கொள்ள வேண்டாம் என்று யஃகூபிடமே சொன்னார்கள். இன்று ஒரு கருத்தைக் கொள்வேன், நாளை அதை விட்டுவிடுவேன் என்று காரணமும் கூறினார்கள். அந்தச் சபையில் உஸ்தாத் பேச மாணவர்கள் தலையசைத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு கேள்வியை நடுவில் போட்டு விவாதித்தார்கள். இதன் விளைவை ஹனபி மத்ஹபின் நூல்களைத் திறந்தால் இன்றும் காணலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இமாம் இவ்வாறு சொன்னார், அவரின் இரு தோழர்களான அபூ யூஸுபும் முஹம்மது பின் ஹஸனும் வேறாகச் சொன்னார்கள் என்று வரும். வயலை வாரத்துக்கு விடுவதை இமாம் அனுமதிக்கவில்லை, மாணவர் இருவரும் அனுமதித்தனர். மத்ஹபில் தீர்ப்பு மாணவர்களின் சொற்படியே அமைந்தது. நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறையில் துன்புற்று, ஹிஜ்ரி 150 இல் வபாத்தானார் ஆசிரியர். கலீபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியாக அமர்ந்து நீதி வழங்கினார் மாணவர். அந்த இமாமின் மாணவர் அல்லர் இவர் என்று எவரும் சொன்னதில்லை.

அன்பர்களே! இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம் இமாமவர்களின் வாழ்விலும் இதே பாடம் உண்டு. அங்கே அது இன்னும் கசப்பானது.

அபூ ஹனீபா அவர்கள் மறைந்த அதே ஹிஜ்ரி 150 இல் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்த இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள், மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கற்றவர்கள். மாலிக் அவர்களின் முவத்தா நூலை முன்கூட்டியே மனனமிட்டுக்கொண்டு போய் அவர்கள் முன் அமர்ந்தவர்கள். தம் அறிவுக்கு வழிவகுத்தவர் மாலிக் அவர்களே என்று வாழ்நாள் முழுதும் நன்றியோடு சொல்லி வந்தவர்கள். அத்தகையவர் பிற்காலத்தில் எகிப்தில் இருந்தபோது, மாலிக் அவர்களின் கருத்துகளை மறுத்து நூல் எழுதினார். ஏன் எழுதினார் என்பதற்கு ஒரு காரணத்தை இமாம் பைஹகீ பதிவு செய்துள்ளார். அந்தலூஸில் மாலிக் அவர்களின் தொப்பி ஒன்றை வைத்து மழை வேண்டுகின்றார்கள் என்றும், அல்லாஹ்வின் தூதர் சொன்னதை எடுத்துச் சொன்னால் மாலிக் இவ்வாறு சொன்னார் என்று பதில் சொல்கின்றார்கள் என்றும் செய்தி வந்ததாம். மாலிக் ஒரு மனிதர், தவறக்கூடியவர் என்று ஷாபிஈ அவர்கள் கூறி, எழுத முன்வந்தார்கள்.

எழுதவும் மனம் இலகுவில் இடங்கொடுக்கவில்லை. ஓர் ஆண்டு காலம் இஸ்திகாராச் செய்த பின்பே எழுதினார்கள். உஸ்தாதைக் காப்பாற்றுவதற்காக உஸ்தாதை மறுக்க வேண்டிய நிலை! அந்தலூஸில் தொப்பியை ஏந்தியவர்கள் மாலிக் அவர்களை உண்மையாகவே நேசித்தவர்கள்தாம். ஆனால் அவர்களில் எத்தனை பேர் மாலிக் அவர்களிடம் அமர்ந்து பாடம் கேட்டிருப்பார்கள்? முவத்தாவை நாடு முழுவதற்கும் சட்டமாக்க கலீபா மன்ஸூர் விரும்பிய போது, வேண்டாம், நபித்தோழர்கள் பல ஊர்களுக்கும் பரந்து சென்றுள்ளார்கள், ஒவ்வோர் ஊராரிடமும் அறிவு உண்டு என்று மறுத்தவர் மாலிக் அவர்கள். அதை அறிந்தவர் கையில் அந்தத் தொப்பி இருந்திருக்காது.

ஷாபிஈ அவர்கள் தம் மாணவரிடம் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எகிப்தில் றபீஉ பின் ஸுலைமான் என்னும் மாணவர் இருந்தார். புஸ்தாத் பள்ளிவாசலின் முஅத்தின். மெதுவாகவே விளங்கிக்கொள்வார். ஒரு பாடத்தை அவருக்காக இமாமவர்கள் 40 தடவை திரும்பச் சொன்னார்களாம், அப்போதும் விளங்கவில்லை. வெட்கத்தால் அவர் எழுந்து போய்விட்டார். இமாமவர்கள் அவரைத் தனியே அழைத்து, விளங்கும் வரை சொல்லிக் கொடுத்தார்கள். அறிவை ஊட்டிவிட முடியுமாயின் உனக்கு ஊட்டியிருப்பேன் என்றும் ஒரு முறை சொல்லியுள்ளார்கள். ஹிஜ்ரி 204 இல் இமாம் வபாத்தானார்கள். றபீஉ அவர்கள் 270 வரை வாழ்ந்தார். இமாமவர்களின் அல்உம்மு என்னும் பெருநூல் இந்த உலகுக்குக் கிடைத்தது அவரின் அறிவிப்பின் வழியாகத்தான். பிள்ளைக்கு மூளை மந்தம் என்று ரியூஷன் வகுப்பு வாசலில் நின்று அலுத்துக்கொள்ளும் உம்மாமார் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பலர் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ஸூரத்துல் கஹ்பில் மூஸா (அலை) அவர்களும் ஹிழ்று (அலை) அவர்களும் சந்தித்த சம்பவம் வருகின்றதே, அங்கே எதையும் கேட்கக் கூடாது என்பதல்லவா நிபந்தனை? மாணவன் ஆசிரியரிடம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்கு அது ஆதாரமில்லையா? இளைஞர்களைக் கேள்வியின்றிக் கட்டுப்படுத்த விரும்புவோர் இந்தச் சம்பவத்தையே முதலில் எடுத்துக்கொள்கின்றார்கள். ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

மரக்கலம் சேதமாக்கப்பட்டதும் மூஸா (அலை) அவர்கள் கேட்டார்கள். ஒரு சிறுவன் கொல்லப்பட்டதும் இன்னும் கடுமையாகக் கேட்டார்கள். வாக்குக் கொடுத்திருந்தும், கண்முன் ஓர் அநியாயம் நடப்பதாகத் தோன்றிய போது ஒரு நபியால் வாய் மூடியிருக்க முடியவில்லை. அடுத்து, ஹிழ்று (அலை) அவர்கள் பிரியும் முன் மூன்று செயல்களுக்கும் காரணம் சொன்னார்கள், விளக்கமின்றி அனுப்பிவிடவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, தம் சொந்த முடிவின்படி இவற்றைச் செய்யவில்லையென்று அவர்களே தெளிவுபடுத்தினார்கள். அல்லாஹ் தன்னிடமிருந்து அவர்களுக்கு நேரடியாக அறிவைக் கொடுத்திருந்ததை அதே ஸூரா சொல்லுகின்றது. நபித்துவம் முற்றுப்பெற்ற பின்னர், அந்த அறிவு தமக்கும் உண்டு, ஆகவே ஷரீஅத்துக்கு மாறாகத் தெரிந்தாலும் கேட்காதே என்று சொல்லும் ஒருவரைக் கண்டால், அந்தப் படகிலிருந்து உடனே இறங்கிவிட வேண்டும்.

கேட்காமல் கீழ்ப்படிவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே ஒரு நிகழ்ச்சி காட்டியது. புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் அது உள்ளது. ஒரு படைப்பிரிவுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவரைத் தலைவராக நியமித்து, அவருக்குக் கட்டுப்படுமாறு நபியவர்கள் கூறி அனுப்பினார்கள். வழியில் அவருக்குக் கோபம் மூண்டது. விறகு சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். தீ மூட்டச் சொன்னார், மூட்டினார்கள். அதற்குள் இறங்குங்கள் என்றார். சிலர் இறங்க ஆயத்தமாயினர். மற்றவர்களோ, நாம் நபியவர்களிடம் ஓடி வந்ததே நெருப்புக்கு அஞ்சித்தானே என்றார்கள். தயங்கி நின்ற நேரத்தில் தீ தணிந்தது, அவரின் கோபமும் தணிந்தது. செய்தி நபியவர்களை எட்டிய போது, அதற்குள் இறங்கியிருந்தால் அவர்கள் ஒருபோதும் வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள். விறகு சேர்த்தவர்களும் தீ மூட்டியவர்களும் நல்லவர்களே. ஒவ்வொரு படியும் சிறியதாகவே இருந்தது.

நேயர்களே! இதை இந்த நாட்டில் இருந்துகொண்டு சொல்லும் போது, 2019 ஏப்ரல் 21 ஐ நினையாமல் இருக்க முடியாது. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும், தேவாலயங்களில் வணக்கத்திலிருந்தோரும் ஹோட்டல்களில் காலை உணவில் இருந்தோருமாக 260க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் சின்னஞ்சிறு குழந்தைகளும் மாண்டனர். மார்க்கம் பேசத் தெரிந்த ஒருவரைச் சுற்றிச் சில இளைஞர்கள் திரண்டனர். அவர் மூட்டச் சொன்ன தீயில் தாமும் இறங்கினர், அப்பாவி மனிதர்களையும் அவர்களின் குடும்பங்களையும் அதில் தள்ளினர். அவர்களில் சிலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், படித்தவர்கள். அந்தப் பேச்சின் போக்கைக் கண்டு நம்மவர்களிலேயே சிலர் முன்கூட்டி எச்சரித்துமிருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லாமற் போயிற்று. அந்த நாளின் துயரம் முதலில் அதில் உறவுகளை இழந்தவர்களுக்குரியது. அதை மறந்து நம் கஷ்டங்களை மட்டும் எண்ணுவது நமக்கு அழகல்ல.

அதற்காகப் பிள்ளைகளை உஸ்தாதுமாரிடம் அனுப்பாமல் இருந்துவிடலாமா? சில பெற்றோர் அப்படி நினைக்கின்றார்கள். ஆனால் பிள்ளை சும்மா இருப்பதில்லை. கைத்தொலைபேசியில் தனக்கென்று ஓர் உஸ்தாதைத் தேடிக்கொள்கின்றான். அந்த உஸ்தாதுக்கு இவனின் பெயர் தெரியாது. இவன் ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க மாட்டார். இவன் பசியாக இருக்கின்றானா, தந்தைக்கும் இவனுக்கும் மனத்தாங்கலா என்பதும் அவருக்குத் தெரியாது. இவன் அவரிடம் 60 பதில்களைக் கொண்டுபோய்க் காட்ட வழியில்லை. அவரும் இருபதைத் திருத்தித் தர முடியாது. சலவைத் தொழிலாளியின் கேள்வி அங்கே வராது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை யாரிடம் பாடம் கேட்கின்றான் என்று விசாரியுங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் போய் அமருங்கள். அங்கே மாணவர்கள் கேள்வி கேட்கின்றார்களா, கேட்டவனின் முகம் மறுநாளும் மலர்ச்சியாக இருக்கின்றதா என்று பாருங்கள். எனக்குத் தெரியாது என்னும் சொல் அந்த உஸ்தாதின் வாயிலிருந்து வருகின்றதா என்றும் கவனியுங்கள். இமாம் மாலிக் அவர்களிடம் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து கேட்டவர்கள் பலருக்குக் கிடைத்த பதில் அதுவாகத்தான் இருந்தது. வீட்டில் நடந்ததை வாப்பாவிடம் சொல்லாதே, இந்த வகுப்பைப் பற்றி உம்மாவிடம் பேசாதே என்று ஓர் ஆசிரியர் சொல்வாரானால், மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அபூ யூஸுபின் தந்தை வந்து மகனை அழைத்த போது இமாம் அபூ ஹனீபா அவர்கள் தடுக்கவில்லை என்பதை இளைஞர்களும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மதீனாவில் அந்த ஸாஉகளை அளந்து, உஸ்தாதின் கருத்தை விட்டுத் திரும்பிய அபூ யூஸுப் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 182 இல் பக்தாதில் வபாத்தானார். தம் உஸ்தாத் ஹம்மாதுக்காகப் பெற்றோரோடு சேர்த்துத் துஆக் கேட்காமல் தாம் தொழுததில்லை என்று அபூ ஹனீபா அவர்கள் சொல்லுவார்களாம். அபூ யூஸுப் அவர்களோ, தம் பெற்றோருக்கும் முன்பாக அபூ ஹனீபா அவர்களின் பெயரைச் சொல்லித் துஆக் கேட்பதாகக் கூறியுள்ளார். அந்த ஏழைத் தந்தை அதைக் கேட்டிருந்தால் மனம் நொந்திருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு.